அப்பா ஜாடையில் ஒரு ஃபுட்பால் கார்டு

சூயிங்கம் பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அந்த இனிப்பு வாசனை... அப்புறம் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு. அதற்கும் அப்புறம்தான் உள்ளே இருக்கும் கார்டு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு வெள்ளைக்கார ஃபுட்பால் பிளேயர்.

அறுபதுகளின் ஆரம்பம். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை. அங்கிருந்து தென்காசிக்கு யார் வந்தாலும் எனக்கும் அண்ணனுக்கும் சூயிங்கம் கொடுத்தனுப்புவார். மென்று, ராத்திரி சுவரில் ஒட்டி வைத்து, காலையில் திரும்ப மென்று... சிரிக்காதீங்க, அப்ப எல்லாரும் செஞ்சதுதான்.

கார்டுகளை பிஸ்கட் டின்னில் சேர்த்தோம். இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம்... வழுக்கை அண்ணாச்சி, காது மாமா, முறைக்கிற வாத்தியார். ஒரே படம் இரண்டு இருந்தால், குற்றாலம் சீசனுக்கு வரும் கொழும்புப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொள்வோம். ஈரத்தலையோடு அருவிக்கரையில் நின்று வியாபாரம்.

ஒரு கார்டை மட்டும் யாருக்கும் தரமாட்டோம்.

அதில் இருந்தவர் அச்சு அசல் அப்பா. அச்சில் மை கூடிப்போய் நம்ம ஊர்க் கறுப்பில் இருந்தார். அதே நெற்றி, அதே வகிடு, சிரிப்பை அடக்குகிற அதே உதடு. வீட்டில் அப்பா போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவருக்கு ஒரு பயம். அண்ணன் அந்தக் கார்டை அம்மாவிடம் காட்டினான்.

"போலே... வெள்ளக்காரனப் போயி அப்பாங்கான்."

அம்மா அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் சித்திரைக்கு அப்புறம் அப்பாவிடமிருந்து தகவலே இல்லை. கடிதமும் இல்லை, சூயிங்கமும் இல்லை. கொழும்பிலிருந்து வந்தவர்களைக் கேட்டால், "கடைய விட்டுப் போயிட்டாகளாம்" என்று தரையைப் பார்த்தார்கள். அம்மா அழவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடிச் சாரல் நேரத்தில் ஒருநாள், டின்னில் அப்பா கார்டைக் காணோம். அண்ணன் என்னை அடித்தான், நான் அவனைக் கடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை குற்றாலத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, கண் சரியாகத் தெரியாது. பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். செத்துப்போன தாத்தா படத்துக்கும் வைத்தாள். அதை ஒட்டி, விளக்குக்குப் பின்னால்... எங்கள் கார்டு. அதற்கும் வைத்துவிட்டாள். நடுநெற்றியில் இல்லை, இடது புருவத்துக்கு மேலே.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பிடுங்கினாள்.

"உசுரோட இருக்கவுகளுக்கு யாரு மதினி பொட்டு வைப்பா?"

கார்டை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். சாரலில் நமுத்துப்போன அட்டை... குங்குமத்தோடு சாயமும் உரிந்து வந்தது. புருவத்துக்கு மேலே பிறை மாதிரி வெள்ளையாக ஒரு தடம்.

ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், வாசலில் குடை ஒன்று வந்து நின்றது. அப்பா... எலும்பும் தோலுமாக. குடையை மடக்கி நிமிர்ந்தார்.

இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி வெள்ளைத் தழும்பு.

"கடைய விட்டு ஹார்பர் வேலைக்குப் போனேன். அங்க குடோன்ல பெட்டி சரிஞ்சி தலையில விழுந்துட்டு. ஆஸ்பத்திரில பேரு ஊரு கேட்டா சொல்லத் தெரியல... ரொம்ப நாளு" என்றார்.

மறுநாள் அத்தை வந்து அவர் தலையைத் தடவிக்கொண்டே, "என்னைக்குலே விழுந்துச்சி?" என்றாள்.

"அத மட்டும் கேக்காதீக மதினி." அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். சாகும்வரை அவளும் கேட்கவில்லை.

அந்தக் கார்டை அம்மா சிற்றாற்றில் கொண்டுபோய் விட்டாள். அது மூழ்கவில்லை. நாங்கள் திரும்பி நடந்தபோது, முகம் மேலே பார்த்தபடி, கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள்.

அப்பா அதற்கப்புறம் ரொம்ப காலம் இருந்தார். இப்போது என் பேரன் ஃபுட்பால் கார்டுகளை ஆன்லைனில் வாங்குகிறான். எல்லார் போனிலும் கணக்கில்லாமல் போட்டோ. அப்பாவுக்கு மட்டும், பேங்க் கணக்குக்காகக் கடைசிக் காலத்தில் எடுத்த ஒரே படம். பெரிதாக்கும்போது ஸ்டூடியோக்காரர் டச்சப் செய்து தழும்பை எடுத்துவிட்டார். நெற்றி மழமழவென்று, டின்னுக்குள் இருந்த அந்தக் கார்டு மாதிரியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு வருவேன். அப்பாவிடம் வந்ததும் விரல் நின்றுவிடும். அவர் போய் எத்தனையோ வருஷமாச்சு, இனிமேல் என்ன ஆகப்போகிறது... தெரியும்.

ஆனாலும் சட்டத்தின் ஓரத்தில்தான் வைக்கிறேன்.