மகள் என்றொரு டேக்

தென்கொரியாவின் ஆன்டோங் நகரில் குலவரிசை நூல்களைக் கணினியில் ஏற்றும் சின்ன அலுவலகம் ஒன்றில் யூன்சிலுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஊரார் வம்சத்தையெல்லாம் ஏற்றி முடித்தவளிடம் போன வருடம் சொந்தக் குலமே வந்து சேர்ந்தது.

மூலத் தகவல் எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவில் இருக்கும். அதில் ஒவ்வொரு தகவலையும் சுற்றிப் போடும் அடையாளச் சீட்டுகளான டேகுகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். யார் மகன், யார் மருமகன் என்று ஆளை அது அறிந்துவைத்திருக்கும். அதிலிருந்து தினமும் காலையில் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் தாமாக உருவாகும். ஹெச்டிஎம்எல்லுக்கு யாரையும் தெரியாது. இதைத் தடித்த எழுத்தில் காட்டு, அதை அடுத்த வரியில் போடு, அவ்வளவுதான் அதன் உலகம்.

குல வழக்கப்படி பெண்பிள்ளைகள் கட்டியவன் பெயரில்தான் பதிவாவார்கள். அக்கா யூனோக் கல்யாணம் ஆகாமலே இருபத்தாறு வயதில் இறந்துபோனாள். நூல் மில்லில் கால் வீங்க நின்று யூன்சிலைப் படிக்கவைத்தவள். அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. இது என்ன நியாயமோ.

மனசு கேட்காமல் ஒருநாள் யூன்சில் ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து, அப்பா பெயருக்குக் கீழே அக்கா பெயரைக் கையாலேயே தட்டிவிட்டாள். எண்பத்துநாலு வயது அப்பா சோறு ஆறிப்போகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பக்கம் புதிதாக உருவானது. காட்டுகிற இடத்தில் எழுதினால் தங்காது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அதைச் செய்திருந்தாள்.

அப்பா போன் செய்தார். "நேத்து இருந்தாளே. எங்க போயிட்டா?"

"மூலத்துல மகளுக்கு டேக்கே இல்லப்பா. புதுசா சேர்க்கணும்னா பெரியப்பா சம்மதிக்கணும்."

"எங்கண்ணன் என்னைக்கு யார் பேச்சக் கேட்டாரு? வண்டிய எடு."

பெரியப்பாதான் குலச் சங்கத் தலைவர். "ஒருத்திக்காக வழக்கத்த மாத்த முடியுமாடா?" என்றார்.

"போன தடவ அச்சடிச்சப்பவும் இதத்தான் சொன்னீங்கண்ணே. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். இந்தத் தடவ ஆட்ட மாட்டேன்."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "எழுதட்டும்," என்றார்.

அன்றே யூன்சில் மூலத்தில் 'மகள்' என்றொரு டேக் சேர்த்து, அதற்குள் அக்காவை எழுதினாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

மறுநாள் காலை பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது.

"யூன்சில், யூனோக்க பார்த்தேன். எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா. மூணு வயசுல போயிட்டா. அவளையும் எழுத முடியுமா?"

"எழுதலாம் பெரியப்பா. பேரு சொல்லுங்க."

"யூன்பி," என்றார். ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார்.