நாணயம் தோண்டும் இயந்திரமும் இட்லி மாவும்

ஓசூரில் குளிர் இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் மாவு எழுந்திருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரியான என் மனைவிக்கு இதை ஏற்கவே முடியவில்லை. அவள் ஊரில் மாலையில் ஆட்டி வைத்த மாவு விடியும்முன் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இங்கே வைத்த மட்டத்திலேயே, கோபித்துக்கொண்டு படுத்த பிள்ளை மாதிரி கிடக்கும். அவள் அந்தக் கோடையில்தான் தெருவுக்கு மாவு விற்கத் தொடங்கியிருந்தாள். தெரு முழுக்க ஷிப்டுக்கு ஓடுகிற குடும்பங்கள். அப்போது தேடி வந்தவர்கள், கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொருவராகக் கடைப் பாக்கெட்டுக்கு மாறினார்கள்.

"தை வரைக்கும் பார்க்கேன். அதுக்குள்ள சரியா வரலன்னா பழையபடி கார்மென்ட்ஸுக்கே போயிருதேன்" என்றாள்.

தையல் வரிசையில் மறுபடி போய் உட்காருவது அவளுக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை விட்ட பிறகுதான் அவள் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சமைக்கத் தொடங்கினாள்.

நானோ அதே மாதங்களில் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எதிரே நின்று நின்று, ஓர் இயந்திரமாவது எனக்காக உழைக்க வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது. நடுவயது ஆசைகளுக்குக் காய்ச்சலின் குணம். தொட்டால் சுடும், சொன்னால் கேட்காது. கணினியை ஓயாமல் கணக்குப் போடவிட்டால் கிரிப்டோ நாணயம் சேரும் என்றார்கள். பெங்களூரில் பழைய கணினிச் சாமான் விற்கும் சந்துகளில் அலைந்தேன். யாரோ விளையாடித் தீர்த்த கிராபிக்ஸ் கார்டுகளையும் ஒரு மதர்போர்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து ஊர்ந்த நேரமெல்லாம் கனவு கண்டேன். துளைபோட்ட இரும்புச் சட்டங்களை முடுக்கி, அடுக்களையை ஒட்டிய சாமான் அறையில் அதை நிறுத்தினேன். பிட்காயினை இந்த மலிவுச் சரக்கு எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பெயர் தெரியாத சில்லறை நாணயங்களைத்தான் கொறிக்கும். ஆனாலும் விசிறிகள் சுழன்று அது முதல் மூச்சு விட்டபோது, வீட்டுக்குள் ஒரு சின்ன ஆலை பிறந்ததுபோல் இருந்தது.

"இது என்ன, எலிக்கூண்டா?" என்றாள் மனைவி.

"காசு கொட்டும்."

"எங்க கொட்டும்? ஏனம் வைக்கணும்லா."

கொட்டவில்லை. கசிந்தது. கைப்பேசியில் ஒரு புள்ளியும் அதன் பின்னே பூஜ்யங்களின் ஊர்வலமும், கடைசியில் வெட்கப்பட்டு நிற்கும் ஓர் எண்ணும். குறிப்பிட்ட அளவு சேராமல் அதை எடுக்கவும் முடியாது.

கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் நிலம் உண்டு. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். சப்-மீட்டர் பார்க்க மாடியேறி வந்தவர் மீட்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் சார், மேல கம்பெனி கிம்பெனி தொறந்துட்டீங்களா?"

"ஒரு கம்ப்யூட்டர்தாங்க."

"இந்த செவப்பு லைட்டு துடிக்கறத பார்த்தா எனக்கு நெஞ்சு துடிக்குது சார். என் போர் மோட்டாரே தேவல போல."

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அடுக்களையில் இடம் போதாமல் மனைவி மாவுப் பானையை இயந்திரத்தின் வெக்கை வீசும் பக்கம் ஓரமாக வைத்தாள். காலையில் மூடி சாய்ந்திருந்தது. மாவு விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தது. அவள் கரண்டியால் அள்ளி மெதுவாக விழவிட்டாள். உள்ளே எங்கும் குமிழ்கள். "பாத்தியளா" என்று மட்டும் சொன்னாள். அன்றைய இட்லி பூப்போல இருந்தது. போன வாடிக்கை இரண்டொன்று திரும்பியது.

அதே நாட்களில் நான் மறுபக்கக் கணக்கைப் போட்டு முடித்திருந்தேன்.

"நிறுத்தப் போறேன். வர்றதவிட கரண்டுக்குப் போறது ஜாஸ்தி."

"நிறுத்துனியன்னா தெரியும் சேதி."

"நீதான எலிக்கூண்டுன்ன?"

"எலிக்கூண்டுதான். இப்பம் எம்பொழப்பு அதுக்குள்ள மாட்டிக்கிட்டுல்லா கெடக்கு."

சிரித்தோம். ஆனால் அது ஓடினால் மாவில் வருகிற காசையும் மின்சாரம் தின்றுவிடும், நின்றால் மாவே நின்றுவிடும். சாமான் அறையில் கையை நீட்டி அந்த வெக்கையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். நான் செய்திருப்பது கணக்குப் போடத் தெரிந்த ஓர் அடுப்பு. மாவுக்குக் கணக்கு வேண்டியதில்லை. கதகதப்பு போதும்; அதுவும் கொஞ்சம் போதும்.

மொட்டை மாடியில் வீட்டுக்காரரின் செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்று கிடந்தது. கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"சூடு பண்ண."

"ஐஸ் பொட்டியிலயா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துக்குங்க. வாடகை மட்டும் கரெக்டா குடுத்துடுங்க."

கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில் குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காகப் போடும் பழைய மாதிரி குண்டு பல்பு கிடைத்தது. அதை ஃபிரிட்ஜுக்குள் மாட்டினேன். மாலையில் இயந்திரத்தை அணைத்தேன். வீடு சட்டென்று காலியானதுபோல் ஒரு மௌனம். மார்கழிக் குளிர் சன்னலில் வந்து நின்றது. மனைவி பானைகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

காலையில் மேல் பானை புளித்து ஆடை கட்டியிருந்தது. கீழே இருந்தது பாதிதான் எழுந்திருந்தது. என் முகம் தொங்கியது. அவள் முகம் தொங்கவில்லை. இரண்டையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சூடு மேல போயி நிக்கி. பல்பைக் கீழ எறக்குங்க. சின்ன பல்பாப் போடுங்க."

இறக்கினேன். மறுநாள் இரண்டு பானையும் ஒரே உயரத்துக்கு, ஒரே மனதாக எழுந்திருந்தன.

ஆலையில் நண்பர்கள் இப்போதும் கேட்கிறார்கள், அந்த மிஷின் போடலாமா என்று. கரண்டுக்கு நீங்கள் காசு கட்டுகிறவர் என்றால் வேண்டாம் என்கிறேன். என் கார்டுகளை வாங்கிய விலைக்கும் குறைவாகத்தான் விற்றேன். அந்தப் பணம் பெரிய கிரைண்டருக்கு முன்பணமானது.

தை பிறந்த வாரம், கார்மென்ட்ஸ் பெண்களை ஏற்றிப்போகும் வேன் தெருமுனையில் வழக்கம்போல் நின்றது. பழைய கூட்டாளி ஒருத்தி சன்னலைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"ஆள் எடுக்கறாங்க அக்கா. வர்றீங்களா?"

"எத்தன பேரு இருக்கிய வேனுக்குள்ள?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி படியிறங்கினாள். "சாயந்தரம் வரும்போது இங்கன நிப்பாட்டச் சொல்லு. ஆளுக்கொரு பாக்கெட் எடுத்து வைக்கேன்."