கேட்டில் வைத்த கேம் பொட்டி

அந்தப் பட்டாசுக் கம்பெனியின் கேட்டைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு பலகை. அதில் கண்ணாடி போட்ட படம் ஒன்று. படத்துக்குக் கீழே அச்சில் இப்படி இருக்கிறது: “திருமதி மா. பானுப்பிரியா, திரிப் பிரிவு. அமைதியான சுபாவம், நிதானம், எந்நிலையிலும் கோபம் கொள்ளாத பொறுமை ஆகியவற்றால் சக தொழிலாளர்களுக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர். பாதுகாப்பு வார விழாவில் இவ்வாண்டின் சிறந்த தொழிலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.”

தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர்கூட அந்த அம்மாளோடு கம்பெனி வேனில் போனதில்லை.

வேலை அறைக்குள் அவள் பொறுமைசாலி என்பதில் பொய் இல்லை. அங்கே வேறு எப்படி இருக்க முடியும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். பெட்டியை இழுக்கக்கூடாது, தூக்கி வைக்க வேண்டும். எதையும் தட்டக்கூடாது, உரசக்கூடாது, கீழே போடக்கூடாது. போர்மேன் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனாலும், கையிலிருக்கும் குழாயில் திரியைப் பூவைச் செருகுவதுபோலத்தான் செருக வேண்டும். மின்சாரத்துக்குத் தகடு வைத்தவர்கள் கோபத்துக்கு எதுவும் வைக்கவில்லை. அதைப் பானுப்பிரியா தானே தேடிக்கொண்டாள்.

இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி அது. தம்பி எழில் சென்னைக்கு வேலைக்குப் போனபோது, ஓரத்தில் கீறல் விழுந்த அதை அக்காவிடம் விட்டுப்போனான். அதில் ஒரே ஒரு ஆட்டம்தான், சண்டை ஆட்டம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் விழும்வரை அடித்துக்கொள்வார்கள். வேனில் அதற்கு டப்பா என்று பேர். காலையில் செல்போனோடு டப்பாவையும் கேட்டில் ஒப்படைத்து, எண் பொறித்த அலுமினிய டோக்கன் ஒன்றை வாங்கிக்கொள்வாள். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால் பொருள் வரும். டோக்கன் இல்லாமல் முதலாளியே வந்து கேட்டாலும் தருவதில்லை என்பது வாட்ச்மேன் சீனிச்சாமியின் கொள்கை. முதலாளி ஒருநாளும் கேட்டதில்லை என்பதால் அது சோதனைக்கு வராத கொள்கை.

வேன் கிளம்பி சாத்தூர் ரோட்டில் ஏறியதும் சண்டை தொடங்கும். பானுப்பிரியா ஒற்றைச் சடை போட்ட ஒருத்தியாக நின்று முழங்கையால் அடிப்பாள். எதிரே வரும் தடியன் ஒருவனுக்கு வேன்காரிகள் போர்மேன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

“ஏ பானு, அவன் வயித்துலயே குடு. மத்தியானம் என்ன பேச்சுப் பேசுனான்” என்பாள் பக்கத்து சீட்டு சோலையம்மாள்.

“பொறுங்க மதினி, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“இருக்கன்குடி ஆத்தா கையில குடுத்தாக்கூட இந்த அடி அடிக்க மாட்டா.”

ஊர் வந்து இறங்கும்போது அவள் முகம் கழுவினாற்போல் இருக்கும். இரண்டு வருஷமாக அடித்து அடித்து, ஆட்டத்தில் பூட்டியிருந்த ஆட்களை ஒவ்வொருவராகத் திறந்து, கடைசி ஆள்வரை வென்று வைத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் தொடங்கி முடித்த காரியம், யாரும் குறுக்கே வந்து பாதியில் நிறுத்தாத காரியம், அது ஒன்றுதான்.

வீட்டில் சண்டை ஆட்டம் இல்லாமலில்லை. கணவன் மாரிக்கண்ணன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன். போன பொங்கலுக்கு டிவியில் மாட்டி ஆடும் கேம் பொட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதே சண்டை, அதே ஒற்றைச் சடைக்காரி, ஆனால் சுவர் அகலத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரஸ் கூட்டாளிகள் வந்து ஸ்பீக்கரைப் போட்டு ஆடினால் தெருமுனையில் கேட்கும். அவன் கட்சி தெளிவானது. சண்டை என்றால் எதிராளி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்க வேண்டும், தோற்றவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். கைக்குள் குனிந்துகொண்டு மிஷினோடு ஆடுவது சின்னப்பிள்ளை வேலை.

இந்தக் கட்சியில் நியாயம் உண்டு. அந்த நியாயத்துக்கு ஒரு கூடம் வேண்டும், அவ்வளவுதான். பானுப்பிரியா ஒருமுறை அந்த டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். குக்கர் விசில் அடித்தது. மாமியார் சீரியலுக்கு நேரமாச்சு என்றார். யாரோ தண்ணி கேட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் வேலையில்லாதவள். வேனில் உட்கார்ந்திருக்கும் பெண் வேலைக்குப் போகிறவள். அதனால் அவள் சண்டைக்கு வேன்தான் வீடாக இருந்தது.

புரட்டாசியில், ஆர்டர் குவிந்து எல்லார் முதுகும் ஒடிந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையைத் துழாவினாள். டப்பா இல்லை.

“என் டப்பாவ எங்க வச்சீக?”

மாரிக்கண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, புத்தம்புது ஜாய்ஸ்டிக் ஒன்றை எடுத்து நீட்டினான். “விருதுநகர் கடையில மாத்திட்டேன். பொட்டிக்கு ஒத்த ஜாய்ஸ்டிக்தான கெடந்துச்சு, பயலுக கொண்டாந்தாத்தான் ரெண்டாவது. இது உனக்கு. இனிமே நீ தனியா ஆட வேணாம், நம்ம ரெண்டு பேரும் ஆடலாம்.”

கொடுமை என்னவென்றால், அவன் அதை மனசார ஆசையோடு செய்திருந்தான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“என்னைக் கேட்டீகளா?”

“கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல.”

கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். உட்காரு, உட்காரு என்றார்கள். உட்கார்ந்தாள். டப்பாவில் விரல் அசைந்த நொடியில் ஒற்றைச் சடைக்காரியின் முழங்கை பாயும். இந்தப் பழைய டிவியிலோ, அமுக்கிக் கண் இமைத்த பிறகுதான் அவள் கை நீண்டது. அதற்குள் அடி விழுந்திருக்கும். ஜாய்ஸ்டிக் அவள் கைக்குப் பெரிது. திரி செருகிப் பழகிய கட்டைவிரல் அதன் பொத்தான்களை வருடியது; மாரிக்கண்ணனோ மாவு பிசைகிறவன் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தினான். எதையும் குத்தக்கூடாது என்று சம்பளம் வாங்குகிறவள், குத்துகிறவனிடம் மூன்று ஆட்டமும் தோற்றாள்.

“உங்க டிவி பொய் சொல்லுது” என்றாள்.

“பாத்தீகளாலே, டிவி மேல கேஸ் போடுறா.” மாரிக்கண்ணன் கூட்டாளிகளிடம் திரும்பினான். “வேன்ல குலுங்கிக்கிட்டு மிஷின அடிக்கிறது வேற, ஆள அடிக்கிறது வேற. என்ன, எம் பொண்டாட்டி தோத்தாலும் கோவப்பட மாட்டா. போட்டோ போட்டு எழுதியிருக்கான் கம்பெனியில.”

எல்லாரும் சிரித்தார்கள். பானுப்பிரியா எழுந்துபோய்ப் பாத்திரம் விளக்கினாள். ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. கம்பெனியில் வேலை பார்த்த எவருக்கும் அது நல்ல அறிகுறியல்ல என்று தெரிந்திருக்கும். மாரிக்கண்ணன் பிரஸ்காரன்.

திங்கட்கிழமை விடியலில் வேன் ஏறியபோது அவள் மடியில் வயர்கூடை ஒன்று, மேலே துண்டு மூடி.

“என்னத்தா, சீமந்தத்துக்குச் சீர் கொண்டு போறியா?” என்றாள் சோலையம்மாள்.

துண்டை விலக்கிக் காட்டினாள். கேம் பொட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், சுருட்டி வைத்த வயர். சோலையம்மாள் பார்த்தாள், துண்டைத் தானே மூடிவிட்டாள்.

கேட்டில் கூடையைச் சீனிச்சாமி மேசைமேல் வைத்தாள்.

“இது என்னத்தா?”

“கரண்டு சாமான் அண்ணாச்சி. உள்ள கொண்டு போகக்கூடாதுல்ல.”

“அதுக்கு வீட்ல வச்சிட்டு வரணும். இங்கன செல்போன் வைக்கத்தான் எடம்.”

“போர்டப் படிங்க. மின்சாதனங்கள் அனைத்தும் வாயிலில் ஒப்படைக்கப்பட வேண்டும்னு போட்டிருக்கு. எம்புட்டுப் பெருசுன்னு போட்டிருக்கா?”

சீனிச்சாமி போர்டைப் பார்த்தார். அது அவரே வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கச் சொல்லும் போர்டு. “சாயங்காலம் எடுத்துக்கிருவீல்ல?”

“எப்ப எடுக்கணும்னும் போடல.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பின்பக்கம் பலகையிலிருந்த படத்தைப் பார்த்தார். ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்ததுபோல் இரண்டையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பொட்டியைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளி, டோக்கனைக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, செம்புத் தகட்டைத் தொட்டு, அறைக்குள் போனாள்.

மத்தியானம் மாரிக்கண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். வயர்கூடையோடு அவள் வேன் ஏறியதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, எம் பொட்டி இங்கன இருக்கா?”

“டோக்கன் இருக்கா?”

“நான் அவ புருசன்.”

“புருசனுக்கு டோக்கன் குடுக்கிற வழக்கமில்ல.”

“வீட்டுப் பொட்டி அண்ணாச்சி அது. டிவியில மாட்டுறது.”

“வீட்டுக்குள்ள இருந்தா வீட்டுப் பொட்டி. இங்கன இது நம்பரு.”

“சரி, அவளையாவது கூப்பிடுங்க.”

“வெடிமருந்துப் பக்கத்துல இருக்கிற பொம்பளையக் கோவப்படுத்துற மாதிரி எதுவும் சொல்லப்படாது. அதுவும் ரூல்தான்.” சீனிச்சாமி குரலைத் தாழ்த்தினார். “அவுக கிட்ட இருந்து எதையாச்சும் எடுத்துட்டீகளோ? அதக் கொண்டாந்துருங்க. நான் பாத்த மூஞ்சி போட்டோவுல இருக்கிற மூஞ்சி இல்ல.”

மாரிக்கண்ணன் சீசன் நேரத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெயிலில் விருதுநகருக்குப் பைக்கை ஓட்டினான். டப்பா இன்னும் கடைக் கண்ணாடிக்குள்தான் இருந்தது. கடைக்காரர் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜாய்ஸ்டிக் சீனிச்சாமியின் கட்டிலுக்கடியில் இருந்தது. கடைசியில், தெருமுனைவரை கேட்கும் அந்த ஸ்பீக்கரை வீட்டிலிருந்து தூக்கிவந்து கொடுத்து மீட்டான்.

சாயங்காலம் வேன் நிரம்பிக் கிளம்ப இருந்தபோது அவன் வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பானுப்பிரியா வேன் படியருகே நின்றாள். ஜன்னல் முழுக்கத் தலைகள்.

“இந்தா. இதுக்குத்தான இம்புட்டும்.”

அவள் டப்பாவை வாங்கி, கீறலைத் தடவிப் பார்த்து, ஆன் செய்தாள். ஆட்டம் வந்தது. ஆட்கள் வரிசையில் முதல் மூவரைத் தவிர எல்லார் மேலும் பூட்டு.

“நான் ஜெயிச்சதெல்லாம் எங்க?”

“அதுவா? கடைக்காரரு உள்ள கெடந்த பழைய குப்பையெல்லாம் அழிச்சு, புதுசு மாதிரி சுத்தமாக்கிட்டாரு. கூட எதுவும் கேக்கல.”

சோலையம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“குப்பை” என்றாள் பானுப்பிரியா.

“இல்ல, நான் அப்படிச் சொல்லல. சரி, டோக்கனக் குடு. பொட்டிய எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழம பயலுக வருவாங்க.”

“எத்தனை பேரத் திறந்து வச்சிருந்தேன் தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“எல்லாரையும். எல்லாரையும் மறுபடி திறக்கணும். திறந்ததும் தாரேன்.”

“அதுக்கு எம்புட்டு நாளாகும்?”

“போர்டுல படிங்க” என்றாள், கேட்டுக்குள் தெரிந்த தன் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்ததைக் கை காட்டி. “பொறுமைன்னு போட்டிருக்கு.”

பானுப்பிரியா வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் ஆளிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினாள். டோக்கனைக் கொடுக்கவில்லை.