ஒயர் கூடையில் ரீ-ரெக்கார்டிங்

அங்காளம்மாளுக்குப் பாட்டு பிடிக்காது என்று சொன்னால் ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். வேதமூர்த்தி இசை ரசிகர் மன்றத் தலைவரின் பெண்டாட்டிக்கா பாட்டு பிடிக்காது? ஆனால் அதுதான் உண்மை. தியேட்டரில் பாட்டு வந்தால் அவள் தண்ணீர் குடிப்பாள், காலை நீட்டிக்கொள்வாள், கொட்டாவிகூட விடுவாள். பாட்டு முடிந்து, கதாநாயகி கதவைத் திறந்து உள்ளே வரும்போது எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் மெல்ல எட்டிப் பார்க்குமே, அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவாள். பேச்சுக்கு அடியில், நடைக்கு அடியில், அழுகைக்கு அடியில் ஓடுகிற இசை. ரீ-ரெக்கார்டிங் என்பார்கள். அவள் உயிரை வைத்திருந்தது அதன்மேல்.

அந்தக் காலத்தில் பாட்டு கேசட் கடையில் கிடைத்தது. ரீ-ரெக்கார்டிங் எந்தக் கடையிலும் கிடைக்காது. தியேட்டரில் கேட்டதோடு சரி. அதனால் ஊரெல்லாம் பாட்டு வெளியாகும் நாளுக்குக் காத்திருக்க, அவள் படம் வெளியாகும் நாளுக்குக் காத்திருந்தாள். சானடோரியம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தபடியே, மியூசிக் டைரக்டர் வேதமூர்த்தியின் அடுத்த படத்துக்கு ரீ-ரெக்கார்டிங் ஆரம்பித்துவிட்டதா என்று பக்கத்து மிஷின் அமலராணியிடம் தினமும் கேட்பாள். அமலராணிக்கு சினிமாப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உண்டு.

"ஆரம்பிச்சுட்டாராம்டி. பாம்பேலேர்ந்து வயலின் ஆளுங்க வந்துகினு கீறாங்களாம்" என்பாள் அமலராணி. அன்றைக்கு முழுக்க அங்காளம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

புருஷன் துளசிங்கம் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவன். அப்பன் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றான். மகன் ஒரு ஆட்டோ வாங்கி, கிழக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசல் ஸ்டாண்டில் நிறுத்தினான். ஆட்டோவின் முதுகில் வேதமூர்த்தியின் படம், மாலையோடு. ஆட்டோ ஓட்டிய நேரத்தைவிட வேதமூர்த்திக்காகச் சண்டை போட்ட நேரம் அதிகம். ரூபன் என்று ஒரு புதுப் பையன் மியூசிக் டைரக்டராக வந்து ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரூபனுக்கும் ஸ்டாண்டில் ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் தேவானந்தம், அவனும் ஆட்டோக்காரன்தான். மாதம் ஒருமுறையாவது சைக்கிள் செயின் சுழலும், சோடா பாட்டில் பறக்கும், ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ரத்தம் துப்புவான். இவ்வளவும் இசைக்காக என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கேட்கிற இசைக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

வெளியே அடிவாங்கினால் துளசிங்கம் வீட்டுக்கு வந்து அடிப்பான். வெளியே அடித்து ஜெயித்தால் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அங்காளம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை; ஒருமுறை அவன் கட்டைவிரலைக் கடித்ததில் நகமே போயிற்று. அந்த விரலைக் காட்டி, "என் பொண்டாட்டி கடிச்சது" என்று ஸ்டாண்டில் சிரிப்பான். அவனுக்கு அதுவும் பெருமை. இப்படி ஒரு ஆளோடு ஏன் இருந்தாள் என்று கேட்டால், அதற்கு ஒரு டேப் ரெக்கார்டர்தான் காரணம் என்று சொல்லவேண்டும்.

கல்யாணமான புதிதில் அவன் பர்மா பஜாரிலிருந்து ஒரு ஜப்பான் டூ-இன்-ஒன் வாங்கி வந்தான். பாட்டு கேட்கத்தான் வாங்கினான். அவள்தான் கேட்டாள், "யோவ், இத்த சினிமா கொட்டாயிக்குள்ள எடுத்துகினு போனா இன்னா?" என்று. அவளுடைய மூளை அது. ஒயர் கூடையின் அடியில் டேப், அதன்மேல் துண்டு, அதன்மேல் தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம். பெண்கள் வரிசையில் கூடையைத் துழாவிப் பார்க்க எந்த வாட்ச்மேனுக்கும் தைரியம் வராது. முதல் நாள் மேட்னிக்கு இருவரும் போவார்கள். கூடை அவள் மடியில் இருக்கும், துண்டுக்கு அடியில் அவள் விரல் பட்டன்மேல் இருக்கும். முழுப் படத்துக்கும் கேசட் போதாது. அதனால் இசை வரும் இடத்தில் அழுத்தி, போகும் இடத்தில் நிறுத்துவாள். இசை வந்தபிறகு அழுத்தினால் முதல் சுரம் போய்விடும். இசை வரப்போவது அவளுக்கு எப்படித் தெரியுமோ, கொஞ்சம் முன்னாலேயே விரல் அழுந்திவிடும். வேறெந்த நேரத்திலும் வாய் மூடாத துளசிங்கம் அப்போது மட்டும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த இரண்டரை மணி நேரத்துக்காக அவள் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுத்திருக்கக் கூடாது. ஆனால் பொறுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் திருவிழா. மன்றத்தின் வழக்கம் ஒன்று உண்டு: கேசட்டை வீட்டில் போட்டுக் கேட்கக் கூடாது. சாமிக்குப் படைக்குமுன் பண்டத்தை எச்சில் பண்ணுவதுபோல் ஆகிவிடுமாம். ஆட்டோவின் மேல் டேப்பை வைத்து, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, கூட்டத்துக்கு நடுவில்தான் முதன்முதலாக ஓடவேண்டும். சென்னை முழுக்க யாரிடமும் இல்லாத ரீ-ரெக்கார்டிங் தாம்பரத்து ஸ்டாண்டில் ஓடும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். துளசிங்கம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அது யாருடைய விரல் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷத் தீபாவளிக்கு வேதமூர்த்தி படமும் ரூபன் படமும் ஒரே நாளில் வந்தன. அங்காளம்மாள் இரண்டுக்கும் ஏங்கிக் காத்திருந்தாள். ரூபனையும் அவளுக்குப் பிடிக்கும் என்பது அமலராணிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வேதமூர்த்தி இந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கு ஒரு புது மாதிரி செய்திருக்கிறார் என்று பத்திரிகையில் வந்திருந்தது. ஸ்டாண்டில் துளசிங்கம் தொடையைத் தட்டினான். "நாளன்னிக்குக் காத்தால வாடா தேவா. கிளைமாக்ஸ் பீஸைப் போடுறேன். அத்தக் கேட்டுட்டு உன் ரூபன் பொட்டியக் கட்டிகினு ஓடுவான்." தேவானந்தம் கட்டாயம் வருவதாகச் சொன்னான்.

மேட்னிக் காட்சி. கூட்டம் பிதுங்கியது. கிளைமாக்ஸ் வந்தது. மகன் செத்துக் கிடக்கிறான். தாய் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து வருகிறாள். அங்காளம்மாளின் விரல் அழுந்தியது. திரையில் தாய் நடக்கிறாள், நடக்கிறாள், இசை இல்லை. காலடிச் சத்தம்கூட இல்லை. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. அங்காளம்மாளுக்கு மயிர் கூச்செறிந்தது. அவர் வேண்டுமென்றே சும்மா விட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சும்மாவும் அவர் போட்டதுதான், இதையும் எடுத்தாகவேண்டும்.

துளசிங்கத்துக்குக் கேசட் சுற்றுவதுதான் தெரிந்தது. கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த டேப்பும் வீணாகப் போகிறதே என்று பதறினான். நாளைக் காலை தேவானந்தம் வந்து நிற்பானே.

"ஏய், நிறுத்துடி. மீசிக்கே வரல."

அவள் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கம்முனு இருய்யா. இதான் மீசிக்கு."

விரிந்த உள்ளங்கை அவள் இடது காதை மூடி இறங்கியது. அதே நொடியில் திரையில் வயலின்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அங்காளம்மாளுக்கு அது கேட்கவில்லை. தலைக்குள் ஒரு விசில் ஊதிக்கொண்டிருந்தது, காதிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாகக் கழுத்துக்கு இறங்கியது. விரலை மட்டும் அவள் பட்டனிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கி வுயுந்துட்டா" என்று துளசிங்கமே சொன்னான். சவ்வு நன்றாகக் கிழிந்துவிட்டது, இந்தக் காது இனி கேட்பது சந்தேகம் என்றார் டாக்டர். அவர் எழுதிய மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கிளைமாக்ஸ் புல்லா வந்துச்சா?" அவள் தலையை ஆட்டினாள். இந்த உலகத்தில் அவளுக்கு அப்போது வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். அந்த வயலின்களை அவள் இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஸ்டாண்டுக்குப் போனாள். காதில் பஞ்சு, தலையில் முந்தானை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், வலது காதைத் திருப்பி டேப்புக்குப் பக்கத்தில் நின்றாள். கற்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது. தேவானந்தம் தன் ஆட்களோடு கைகட்டி நின்றான். துளசிங்கம் பட்டனைத் தட்டினான். ஆரம்பக் காட்சிகளின் இசைக்கு விசில் பறந்தது. கிளைமாக்ஸ் வந்தது. இரைச்சலே இல்லாத ஒரு அமைதி. கூட்டமும் அமைதியானது.

"ஏய், நிறுத்துடி. மீசிக்கே வரல."

துளசிங்கத்தின் குரல், அவ்வளவு தெளிவாக. பிறகு அவள் குரல். பிறகு படீரென்று ஒரு சத்தம், பக்கத்து மரத்துக் காக்கை பறக்கிற அளவுக்கு. "எம்மா!" என்று ஒரு ஓலம். அதன்மேல் வயலின்கள்.

எல்லோர் கண்ணும் பஞ்சு வைத்த காதுக்குப் போய், துளசிங்கத்துக்குத் திரும்பியது. தேவானந்தம்தான் வாயைத் திறந்தான்.

"இன்னா துளசி, உங்க ஆளு இதுல புச்சா ஒரு மேளம் சேத்துகீறாரு? சோக்கா கீது."

சிரிப்பு வெடித்தது. வேதமூர்த்தி ரசிகர்களும் சேர்ந்து சிரித்தார்கள். துளசிங்கம் ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை உருவினான். முதல் அடியில் தேவானந்தத்தின் புருவம் பிளந்தது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று போலீசுக்கே கடைசிவரை தெளிவாகவில்லை. செயின் சுழன்றது. உடைந்த தேங்காய் மூடியால் ஒருவன் இன்னொருவன் மூக்கை நசுக்கினான். ஒரு ஆட்டோ கவிழ்ந்தது. ரயிலுக்குப் போனவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

அங்காளம்மாள் ஓடவில்லை. ஆட்டோவின் மேலிருந்து டேப்பை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மண்ணில் குந்தி, வலது காதை அதன் வாயில் அழுத்திக்கொண்டாள். தலைக்கு மேல் கற்கள் பறந்தன. யாரோ ஒருவன் அவள்மேல் விழுந்து புரண்டு எழுந்து ஓடினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வயலின்கள் ஏறின, ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றன, ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் இறங்கி வந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலியில் வந்த அழுகை இல்லை. இதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தாள், எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கிறாள் என்ற அழுகை.

துளசிங்கம் சட்டை கிழிந்து, வாயெல்லாம் ரத்தமாக அவள் முன்னால் வந்து நின்றான். "உன்னாலதாண்டி. ஸ்டாண்டுல என் மானத்த வாங்கிட்டியேடி." கையை ஓங்கினான்.

புல்லாங்குழல் முடிந்திருந்தது. அவள் பட்டனை நிறுத்தினாள். மூடியைத் திறந்து கேசட்டை எடுத்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, அந்த ஜப்பான் டூ-இன்-ஒன்னை அவன் முகத்தில் ஒரு சுழற்று சுழற்றி இறக்கினாள். அவன் தாடை உடைகிற சத்தத்தை அவள் வலது காது நன்றாகக் கேட்டது. அவன் மடங்கி விழுந்தான். அவள் இன்னொரு முறை அடித்தாள். டேப் உடைந்து ஒயரும் பல்சக்கரமும் சிதறிய பிறகுதான் கையை விட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில், யார் அடித்தது என்று கேட்டபோது, "நான்தான் சார்" என்றாள். எதற்கு என்று கேட்டார்கள். ரவிக்கையிலிருந்து கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர்கள் அதை ஏட்டையாவின் டேப்பில் போட்டுக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்து அவளைப் போகச் சொன்னார்கள். தாடையில் கம்பி கட்டிக் கிடந்த துளசிங்கத்தால் புகார் சொல்ல வாய் திறக்கவும் முடியவில்லை. பிறகு வாய் திறந்தபோதும், பெண்டாட்டி அடித்தாள் என்று எழுதிக் கொடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அங்காளம்மாள் ராஜகீழ்ப்பாக்கம் திரும்பவில்லை. கூடுவாஞ்சேரியில் அமலராணி வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் குடியேறினாள். காலையில் இருவரும் ஒன்றாக ரயிலேறி வேலைக்குப் போனார்கள். துளசிங்கம் ஒருமுறை ஸ்டேஷனில் வழிமறித்தான். அவள் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிப் பிடித்தாள். அவன் தாடையைத் தடவிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

அடுத்த தீபாவளிக்கு வேதமூர்த்தியின் புதுப் படம் வந்தது. முதல் நாள் மேட்னி, அமலராணி துணைக்கு. மடியில் கூடையில்லை, வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். படத்தின் பாதிக்கு மேல் ஒரு இடம் வந்தது. கதாநாயகி விளக்கை அணைக்கிறாள், இசை நின்றது. வேதமூர்த்தி மறுபடியும் சும்மா விட்டிருந்தார்.

அங்காளம்மாளின் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. தலை உள்ளுக்கு இழுத்தது. கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள், கேட்கிற காதையும் சேர்த்து.

அமலராணி அவள் கையைப் பிடித்து இறக்கியபோது இசை தொடங்கி வெகுதூரம் போய்விட்டிருந்தது. இத்தனை வருஷத்தில், யாரும் அடிக்காமலே அவள் ஒரு முதல் சுரத்தைத் தவறவிட்டது அதுதான் முதல் முறை.

வெளியே வந்தபோது அமலராணி, "வா, வூட்டுக்குப் போலாம். இனிமே படமே வேணாம்டி உனக்கு" என்றாள்.

அங்காளம்மாள் தியேட்டர் சுவரிலிருந்த போஸ்டர் முன்னால் நின்றுவிட்டாள். ரூபனின் படம், பொங்கல் வெளியீடு என்று போட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"பொங்கலுக்கு வருதாக்கும். செவுத்த ஒட்னாப்ல ஒரு சீட்டு எடுத்துடுடி. எனுக்கு இந்தக் காது பக்கம் செவுரு இருக்கணும், அந்தாண்ட நீ உக்காந்துக்க."