துவைக்காத நான்கு சட்டைகள்

2008 ஜூலை 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் சிதம்பரத்தில் பஸ் பிடித்து, ஒன்பதரைக்குக் கடலூரில் என் தட்டச்சுக் கடையைத் திறந்தேன். முதலில் வந்தவர் குமராட்சிப் பக்கத்து விவசாயி. உயரமாக, ஒல்லியாக இருந்தார். நைலான் கயிறு கட்டிய உடைந்த சூட்கேஸை டீ குடிக்கப் போகும்போதுகூட அவர் கீழே விடவில்லை.

துபாயில் இறந்துபோன மகனின் பெட்டி அது. விமானத்தில் அடிபட்டு, உள்ளிருந்த சென்ட் பாட்டில் நொறுங்கிவிட்டது. நஷ்டஈடு கேட்டு விமானக் கம்பெனிக்கு மனு அடிக்க வேண்டும்.

“என்னென்ன பாழாச்சு?” என்று கேட்டேன்.

“நாலு சட்ட சார். அவன் போட்டுக் கழட்டுனது.”

“கறையா?”

“கறை இல்ல சார். அவன் அம்மா ஒவ்வொண்ணா மோந்து பாக்குறா. சென்ட்டுதான் அடிக்குது. புள்ள வாசன இல்ல.”

“துவைச்சா சென்ட் போயிடுமே” என்று சொல்லிவிட்டேன்.

“நானும் அதான் சொன்னேன். மிச்சம் மீதி இருந்தா அதுவும் போயிடும்னு அழுவுறா சார்.”

எவ்வளவு கேட்கலாம் என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டே மனுவை அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும், சென்னைக்குத் திரும்பிப்போன என் மகன் அழுக்குக் கூடையில் விட்டிருந்த சட்டையை, மனைவி ஊறவைப்பதற்குள் எடுத்துத் தனியாக மடித்து வைத்தேன்.