முத்துப்பிள்ளைக்குப் பின் பிறந்த பிள்ளை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொன்னார். "அழுகாச்சியா எழுதிராத. அவளுக்குப் பிடிக்காது" என்றும் சொன்னார். அதனால் அக்கா எப்படிச் சிரித்துப் பேசுவாரோ, அதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் எடைபோடும் வேலையில் இருந்தார். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால், என்னைவிட நான்கு வயதே மூத்த அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு வடித்துவைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். படிப்பு முடிந்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தமிழ், மலையாளம், குஜராத்தி, கொங்கணி நான்கிலும் பேசுவார். பம்பாய் லைன் கிடைக்காமல் கத்தும் சேட்டுகளைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். பள்ளுருத்தியில் குடித்தனம். அடுத்த வருடமே அக்கா முழுகாமல் இருந்தார். மூன்றாம் மாதமே வயிறு ஐந்து மாதம்போல இருந்தது. வாந்தி நிற்கவில்லை. ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது உதிரம் போயிற்று. ஆஸ்பத்திரியில், கருப்பையில் குழந்தையே இல்லை, திராட்சைக் குலைபோல நீர்க்குமிழிகள்தான் இருக்கின்றன என்றார்கள். நம் ஊர்ப்பக்கம் இதை முத்துப்பிள்ளை என்பார்கள். சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். துக்கம் அத்தோடு முடிந்ததென்று நினைத்தோம்.

முடியவில்லை. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனின் அளவு சிறுநீரில் குறைந்துகொண்டே வர வேண்டும்; அக்காவுக்கு ஏறியது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலில் வட்ட வட்டமாக ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள். முத்துப்பிள்ளையின் மிச்சம் புற்றுநோயாகி அங்கே போயிருந்தது. கருப்பையை உடனே எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். உறவினர்களும் அதையே சொன்னார்கள். எர்ணாகுளத்தில் இருந்த ஒரு லேடி டாக்டர் மட்டும் வேறு விதமாகச் சொன்னார்: புற்றுநோய்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது இது; முதலில் மருந்து கொடுத்துப் பார்க்கலாம்; ஹார்மோன் இறங்காவிட்டால் ஆபரேஷன்.

"எனக்கு நீ இருந்தாப் போதும். எடுத்துரச் சொல்லிருவோம்" என்றார் அத்தான்.

"உங்களுக்கு நான் போதும் சரி. எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கலியே?" என்றார் அக்கா. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "மருந்து போதும் டாக்டர்" என்றார்.

டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடிக்கேண்டா மோளே" என்றார். பயப்படாதே மகளே.

ஐந்து நாள் ஊசி, பிறகு கொஞ்ச நாள் ஓய்வு, மறுபடி ஊசி. வாயெல்லாம் புண்ணாகிவிடும். ஆறிய கஞ்சித் தண்ணீரையும் இளநீரையும் ஸ்பூனால் விடுவேன். நாள் முழுக்கப் பேசிப் பிழைத்தவர் அப்போது ஒரு சிலேட்டில் எழுதித்தான் பேசினார். ஒருநாள் அத்தானிடம் நீட்டிய சிலேட்டில், "லைன் கிடைக்கவில்லை. காத்திருக்கவும்" என்று இருந்தது. அத்தான் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே அழுதார்.

வாராவாரம் ஒரு முழுநாள் சிறுநீரைப் பெரிய ஜாடியில் சேர்த்து லேப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் நீர் கலந்து, மேலும் மேலும் கலந்து, எந்த அளவு வரை அந்த ஹார்மோன் தெரிகிறது என்று பார்ப்பார்கள். நான் எர்ணாகுளத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்ததால் ஜாடி என் பொறுப்பு. உடம்பு தேறிய வாரங்களில் அக்காவும் கூட வருவார். ஒருநாள் எர்ணாகுளம் போகும் போட்டில் பக்கத்தில் இருந்த அம்மாள், துணிப்பையில் எட்டிப் பார்த்து, "தேனாணோ?" என்று கேட்டார். எனக்கு உயிர் போயிற்று. அக்கா அசராமல், "வீட்டுச் சரக்கு சேச்சி. விக்கறதில்லை" என்றார். எர்ணாகுளம் ஜெட்டி வரும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஹார்மோன் இறங்கியது. நடுவில் இரண்டு வாரம் நின்று பயமுறுத்திவிட்டு, மறுபடி இறங்கி, ஒருநாள் தெரியவே இல்லை. எக்ஸ்ரேயில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மறைந்தன. டாக்டர் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: இரண்டு வருடத்துக்குக் குழந்தை கூடாது. கர்ப்பத்திலும் இதே ஹார்மோன்தான் ஏறும். நோய் திரும்பினாலும் இதேதான் ஏறும். இடையில் கர்ப்பம் வந்தால் எது எதுவென்று தெரியாமல் போகும். அக்கா மூன்று வருடம் காத்திருந்தார். "ஒரு வருஷம் டாக்டருக்குப் போனஸ்" என்பார்.

பிறகு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. பரிசோதனையில் ஹார்மோன் இருந்தது. மற்ற வீடுகளில் சர்க்கரை எடுத்து வாயில் போடும் செய்தி. எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவை யாரும் திறக்கவில்லை. அக்கா முதன்முறையாகப் பயந்து நான் பார்த்தது அன்றுதான். "இது பிள்ளையா, அதுவாடி?" என்று கேட்டார்.

எர்ணாகுளத்தில் அப்போதுதான் ஸ்கேன் மிஷின் வந்திருந்தது. மூத்திரப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். நெளிந்துகொண்டே பஸ்ஸில் வந்த அக்கா, "இந்த டிரைவரை யாராவது மெதுவாப் போகச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். அந்தச் சின்ன அறையில் டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து, சாம்பல் நிறத் திரையையே வெகுநேரம் பார்த்தார். அக்கா என் கையை நெரித்தார். டாக்டர் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். அது படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"மிடிக்குன்னுண்டு. குஞ்ஞாணு" என்றார். துடிக்கிறது, குழந்தைதான்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கித் திரையில் எல்லாம் கலைந்தது. "சிரிக்கல்லே! படம் போகுன்னு!" என்று டாக்டர் அதட்டியும் அக்காவால் நிறுத்த முடியவில்லை. வெளியே நின்ற அத்தான் அழுகைச் சத்தம் என்று நினைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி அத்தானின் அம்மா முத்தம்மாள் பெயரை வைக்க வேண்டும். "வேற எந்தப் பேரும் வைங்க அத்தை. எனக்கு முத்துன்னு கேட்டாலே லேப்புக்கு ஜாடி எடுக்கணும்போல இருக்கு" என்று அக்கா சொன்னதும், முதலில் சிரித்தவர் அத்தைதான். ஆனந்தி என்று அவரே பெயர் சொன்னார். ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அந்த நோய் பின்னர் அக்கா பக்கமே வரவில்லை.

அதன்பின் அந்த டாக்டர், இதே நோய் வந்த பெண்களிடம் பேச அக்காவைக் கூப்பிடுவார். அக்கா இடுப்பில் ஆனந்தியும் கையில் எக்ஸ்ரே உறையுமாகப் போவார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். எதை எப்படித் தின்றால் வாய்ப்புண் எரியாது என்று சொல்லிக்கொடுத்து, அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார்.

எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்று, இரண்டு பேரப்பிள்ளைகளையும் வளர்த்து, எழுபதைத் தாண்டியும் அதே குரலோடு இருந்தார். சென்ற ஆண்டு நிமோனியாக் காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். கடைசி நாள்வரை நர்ஸுகளிடம் பேச்சு ஓயவில்லை.

மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், மழையிலும் வந்து நின்ற பள்ளுருத்தி அயலாருக்கும், எக்ஸ்சேஞ்சின் பழைய தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த லேடி டாக்டர் இன்று இல்லை; அவருக்கும் இங்கேயே வணக்கம் செலுத்துகிறோம். இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அக்காவை எடுத்த அன்று, பேப்பரில் மரணச் செய்தி பார்த்துவிட்டுக் கும்பளங்கியிலிருந்து வந்த ஓர் அம்மாள், அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு கூட வந்த தன் இரண்டு மகன்களைக் காட்டி, "இவங்க ரெண்டு பேரும் இருக்கறது சேச்சியாலதான். சேச்சியைத் தூக்க இவங்களுக்கும் ஒரு தோள் இடம் குடுங்க" என்றார். கொடுத்தோம்.