மெஷின் மேல் போட்ட பழி

சிதறால் சுற்றுவட்டாரத்தில் தையல் மெஷின் மக்கர் செய்தால் ரெஜிஷாவுக்குத்தான் போன் போகும். திருப்பூர் கம்பெனியில் ஆறு வருஷம் மெஷின் கழற்றி மாட்டிக் கற்ற தொழில். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டியில் கருவிப் பெட்டியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். பொம்பளை மெக்கானிக்கா என்று வாயைக் கோணியவர்கள்கூட இரண்டே வருஷத்தில் அடங்கிவிட்டார்கள். அதற்குப் பெட்டியும் ஒரு காரணம் என்று அவள் நம்பினாள். திறந்தால் முப்பத்திரண்டு உருப்படி பளபளவென்று வரிசையாக நிற்கும். வடசேரி நடைபாதையில் விரித்துப் போட்டு விற்றவனிடம் வாங்கியது.

நேசபாய் வீட்டில் அந்தப் பெட்டிதான் காலை வாரியது. நேசபாய் பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள். ஜூன் பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. மெஷினின் ஊசித் தகட்டுக்கு அடியில் நூல்பிசிறு அடைத்திருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு ஸ்குருவும் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும் என்று ரெஜிஷாவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. ஒரு ஸ்குருவில் பெட்டியிலிருந்த திருப்புளியை வைத்துத் திருகினாள். வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். ஸ்குருத் தலையில் இருந்த வெட்டு நைந்து மழுங்கிப் போனது.

என்ன ஆச்சு என்று நேசபாய் கேட்டபோது ரெஜிஷாவின் வாய் முந்திக்கொண்டது.

“மெஷின் பழசாயாச்சு மாமி. இரும்பே செத்துப் போச்சு. இனி இதுல செலவு செய்யாண்டாம்.”

நேசபாய் அப்படியே நம்பினாள். நீ சொன்னால் சரிதான், திங்கட்கிழமை பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்க்காரனை வரச் சொல்கிறேன் என்றாள். போகும்போது மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் கொடுத்தாள். ரெஜிஷா அதையும் தின்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் திருப்புளியின் முனை முறுக்கிக்கொண்டு நின்றது. அரத்தால் ஒரு இழு இழுத்தாள். மரம் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. நல்ல உருக்கில் அரம் வழுக்கிப் போக வேண்டும். வாங்கிய அன்றே இதைப் பார்த்திருக்கலாம். முனை ஸ்குருவின் வெட்டை நிறைத்து நிற்க வேண்டும், ஆட்டம் இருந்தால் தொடக்கூடாது என்பது திருப்பூரில் முதல் வாரமே படித்தது. மினுக்கத்துக்கு மயங்கியது அவள்; பழி மட்டும் வாயில்லாத மெஷின் மேல். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். புருஷன் ஷாஜன் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் வடசேரி ஹார்டுவேர் கடைக்கு அரத்தோடு போனாள். கடைக்காரர் முகம் சுளித்தும் விடாமல் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, ஸ்பேனர் போட்டுத் திருப்பத் தோதாகச் சதுரத் தண்டுள்ள ஒரே ஒரு திருப்புளி வாங்கினாள். அங்கிருந்து நேராக சிதறால். நேசபாயின் மெஷின் அதற்குள் ஆக்கர்க்காரனுக்காக வராந்தாவுக்கு வந்திருந்தது.

“மாமி, மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. நான்தான் மட்டமான திருப்புளிய வச்சு ஸ்குருவக் கெடுத்தேன். நேத்து சொன்னது பொய்.”

நேசபாய் மெஷின் மேல் கையை வைத்தாள்.

“பொய்யையும் சொல்லி, என் மரச்சீனியையும் தின்னுட்டுல்லா போயிருக்க மக்கா.”

ரெஜிஷா எண்ணெய் விட்டுவிட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தாள். நைந்த ஸ்குருவின் விளிம்பில் உளிமுனையை வைத்து இடப்பக்கமாக மெல்ல மெல்லத் தட்டினாள். நாலாவது தட்டில் அசைந்தது. நேசபாய் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்ற ஸ்குருவில் ரெஜிஷா புதுத் திருப்புளியை வைத்ததும் கேட்டாள்.

“அதுக்கும் எண்ணெ விட்டியா?”

விட்டிருந்தாள். ஆனாலும் ரெஜிஷா எண்ணெய்க் குப்பியை எடுத்து, நேசபாயின் கண் முன்னாலேயே இன்னும் ஒரு சொட்டு விட்டாள்.